மறுமொழி: சார்ஜ் கொன்ட்ரோலருக்கு ஒரு தமிழ்ச்சொல் போதுமா?

அன்புள்ள தங்கச்சிக்கும் குழுவில் உள்ள எல்லோருக்கும் வணக்கம்.

உப்புவெளியில் இருந்து குச்சவெளி, புல்மோட்டை வரை வான் வண்டியில் போய்க் கடற்கரையில் இரவு தங்குகிறவர்களுக்கென்று நீங்கள் எழுதும் சோலார்க் குறிப்பு மிகவும் தேவையானது. சூரியப் படலுக்கும் (சோலார் பனல்) பற்றரிக்கும் நடுவில் இருக்கிற சார்ஜ் கொன்ட்ரோலர் என்ற சின்னப் பெட்டியைத் தமிழில் எப்படி எழுதுவது என்பதில்தான் வேலை நின்றிருக்கிறது. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அதற்கு ஒரு பெயர் போதாது. அந்தப் பெயரில் கடையில் விற்பவை இரண்டு வேறு கருவிகள். வாங்குகிறவர் காசை விடுவதும் அந்த இடத்தில்தான்.

இழையில் வந்த சொற்களைப் பார்ப்போம். கோயம்புத்தூர் நண்பர் தந்த "மின்னேற்றக் கட்டுப்படுத்தி" பிழையில்லாத சொல், பொதுப்பெயராக அதையே வைத்துக்கொள்ளலாம். ஆனால் உள்ளே என்ன நடக்கிறது என்று அது சொல்லாது. யாழ்ப்பாணத்து ஆசிரியர் ஐயா சொன்ன "ஏற்றச் சீராக்கி" காதுக்கு இனிமைதான். ஆனால் இலங்கையில் உயர்தரப் பௌதிகவியல் படித்த பிள்ளைக்குச் சீராக்கி என்றால் ஆடலோட்டத்தை (ஏ.சி.) நேரோட்டமாக்கும் (டி.சி.) இருவாயிச் சுற்று. படலில் இருந்து வருவதே நேரோட்டம், அங்கே சீராக்க ஒன்றுமில்லை. ஐயா கோபிக்கக் கூடாது, அந்தச் சொல்லை இதற்கும் கொடுத்தால் மாணவர்தான் குழம்புவார்.

இனிக் கருவிக்கு வருவோம். கடைக்காரர் பி.டபிள்யூ.எம். என்று காட்டும் வகைக்குள் இருப்பது அடிப்படையில் ஓர் ஆளி, அதாவது சுவிட்ச். படலையும் பற்றரியையும் நேரே தொடுத்துவிடும். பற்றரி நிரம்பி வரும்போது வினாடிக்குப் பல தடவை திறந்து மூடி, உள்ளே போகும் சராசரி மின்னோட்டத்தைக் குறைக்கும். இரவில் பற்றரியில் இருந்து படலுக்கு ஓட்டம் திரும்பாமலும் பார்த்துக்கொள்ளும். வோல்ற்றளவை அது மாற்றாது. "12 வோல்ற்" என்று விற்கும் 100 வாற் படல் தன் முழு வலுவை (பவர்) தருவது ஏறத்தாழ 18 வோல்ற்றில், 5.5 அம்பியரில். ஆளி அதைப் பற்றரியின் 13 வோல்ற்றுக்கு இழுத்து விடுகிறது. ஓட்டம் அதே 5.5 அம்பியர்தான், ஆகவே கைக்கு வருவது 72 வாற் அளவு.

எம்.பி.பி.டி. என்ற மற்ற வகை வேறு பிறவி. அது வோல்ற்றளவைக் குறைத்து, அதற்கு ஈடாக ஓட்டத்தைக் கூட்டும் மாற்றி. எந்த வோல்ற்றில் படல் கூடுதலான வலுவைத் தருகிறது என்று இடைவிடாமல் தேடி, அந்தப் புள்ளியிலேயே படலை வைத்திருக்கும்.

ஆகவே என் முன்மொழிவு: முதலாவது "ஏற்றாளி", இரண்டாவது "உச்சவலு மாற்றி".

ஏற்றாளி ஏன்? எங்கள் பாடப்புத்தகத்தில் ஆளி என்றால் விளக்குப் போடுகிற சுவிட்ச். தமிழ்நாட்டு நண்பர்களுக்கு அது தொழிலாளி, படைப்பாளி என்பதில் வரும் விகுதியாகக் கேட்கும். அப்படிப் படித்தாலும் ஏற்றத்தை ஆள்வது என்ற பொருள் வந்துவிடுகிறது. இரு கரைக்கும் பொருந்துகிற சொல் அடிக்கடி கிடைப்பதில்லை, இதை விட எனக்கு மனமில்லை.

"உச்சத்திறன்" என்று எழுதலாமே என்று சென்னையில் இருந்து ஒருவர் கேட்டிருந்தார். அங்கே திறன் என்றால் நாங்கள் சொல்லும் வலு. இங்கே திறன் என்பது பொறிமுறை நயம், வேக விகிதத்தோடு சேர்த்துப் படிப்பது, அதாவது போட்டதில் எவ்வளவு பயனாகத் திரும்பியது என்ற கணக்கு. திருகோணமலையில் விற்கும் குறிப்பில் உச்சத்திறன் என்று எழுதினால் வேறு பொருள் வந்துவிடும். அதனால் வலு என்றே இருக்கட்டும்.

எம்.பி.பி.டி.யை நேரே மொழிபெயர்த்த "உச்சப்புள்ளி பின்தொடரி" என்ற சொல்லைப் பார்த்துவிட்டுக் கிண்ணியா நானா கேட்ட கேள்வி மிகச் சரியானது: "அப்ப இது சூரியனுக்குப் பின்னால திரும்புற சாமானா?" அப்படியொரு கருவி தனியாக இருக்கிறது. வான் கூரைக்கு அது தேவையில்லை. திருகோணமலை 8.5 பாகை வட அகலக்கோட்டில் இருக்கிறது. ஏப்ரலிலும் செப்டெம்பர் தொடக்கத்திலும் நடுப்பகலில் சூரியன் உச்சந்தலைக்கு மேல். ஜூனில் ஏறத்தாழ 15 பாகை வடக்கே நிற்கும், படலைத் தட்டையாகக் கிடத்தினாலும் அந்த நேரத்தில் இழப்பது 3 அல்லது 4 வீதம்தான். ஆகவே பின்தொடர்தல் என்ற சொல்லையே இந்தப் பெட்டியின் பெயரில் இருந்து எடுத்துவிடுவோம்.

நம் ஊர் வெக்கையையும் குறிப்பில் எழுதுங்கள். கச்சான் காற்று வீசும் மாதங்களில் கூரையில் ஒட்டிய படல் 60 பாகை செல்சியசைத் தொடுவது சாதாரணம். படலின் பின்னால் அச்சடித்த வலு 25 பாகைக்கு அளந்தது. சிலிக்கன் படல் ஒவ்வொரு பாகைக்கும் 0.3 முதல் 0.4 வீதம் வரை வலுவை இழக்கும். அந்த 100 வாற் 87, 88 ஆகிவிடும். இழப்பு பெரும்பாலும் வோல்ற்றளவில் நடப்பதால் ஏற்றாளிக்கு அது அவ்வளவாக உறைக்காது. அது தன் 72 வாற்றோடு நிற்கும், உச்சவலு மாற்றி, மாற்றும்போது கொஞ்சம் இழந்தாலும், 82 வாற் அளவு தரும். வித்தியாசம் வெறும் 10 வாற். தொலைபேசிகள், எல்.இ.டி. விளக்கு, சின்ன மின்விசிறி என்று ஓர் இரவுக்கு 200 வாற் மணித்தியாலம் போதும் என்கிற குடும்பத்துக்கு, ஒரு 12 வோல்ற் படலும் நல்ல ஏற்றாளியும் தாராளம். மிஞ்சும் காசைப் பற்றரியில் போடலாம்.

ஆனால் வீட்டுக் கூரைக்கென்று வரும் 300 வாற் படலை மலிவாகக் கிடைத்தது என்று வான் வண்டியில் ஏற்றினால் கதை வேறு. அது 32 வோல்ற் அளவில் 9 அம்பியர் சொச்சம் தரும். ஏற்றாளியில் பூட்டினால் 13 வோல்ற்றுக்கு இழுபட்டு, 300இல் 120 வாற்தான் மிஞ்சும். சில ஏற்றாளிகள் அந்தப் படலின் திறந்த சுற்று வோல்ற்றளவை (ஓட்டம் எடுக்காதபோது இருக்கும் கூடிய வோல்ற்றளவை) தாங்காமல் எரிந்தும் போகும். அங்கே உச்சவலு மாற்றி கட்டாயம், மீன் வைக்கக் குளிர்ப்பெட்டி கொண்டுபோகிறவருக்கும் அதுதான் வசதி.

இன்னொன்று. எம்.பி.பி.டி. என்ற நான்கெழுத்தை ஒட்டிவிட்டு உள்ளே வெறும் ஆளியை வைத்து விற்கும் மலிவுப் பெட்டிகள் நிறைய. மாற்றி என்றால் உள்ளே தூண்டற்சுருள் என்ற கம்பிச் சுருள் இருக்க வேண்டும், அதனால் கையில் பாரம் தெரியும். பெயரிலேயே மாற்றி என்று இருந்தால், "படல் பக்கத்தைவிடப் பற்றரிப் பக்கம் ஓட்டம் கூடுமா, காட்டுங்கோ" என்று எவரும் கேட்கலாம். இந்தச் சொல்லுக்காக நான் இவ்வளவு எழுதுவது அதற்காகத்தான்.

பற்றரி என்ற சொல் அப்படியே இருக்கட்டும். லிதியம் இரும்புப் பொசுபேற்றுப் பற்றரி வாங்குகிறவர் பெட்டியில் அதை ஏற்றுவதற்கான 14.2 முதல் 14.6 வோல்ற் அமைப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், ஈய அமிலத்துக்கு மட்டும் செய்ததை வாங்கக் கூடாது.

அன்புடன்,
திருகோணமலையில் இருந்து

மறுமொழி:

அண்ணா, நன்றி. ஏற்றாளியை அப்படியே எடுத்துக்கொள்கிறேன். "உச்சவலு மாற்றி" எனக்கு அரை மனம்தான். தமிழ்நாட்டில் மின்மாற்றி, இங்கே நிலைமாற்றி என்று ட்ரான்ஸ்போமருக்கு ஏற்கெனவே மாற்றி இருக்கிறது. ஏற்றுகிற வேலையும் பெயரில் தெரியவில்லை. ஏற்றாளிக்குச் சோடியாக "ஏற்றுமாற்றி" என்று வைத்தால் என்ன? இரண்டும் ஒரே குடும்பம் என்பது பெயரிலேயே தெரியும், வேறுபாடு கடைசிப் பாதியில் நிற்கும். உச்சவலுவைத் தேடுவதை விளக்கத்தில் எழுதிவிடலாம். பெட்டியில் இருக்கும் எழுத்துகளையும் பக்கத்தில் தமிழில் போடுகிறேன், கடையில் காட்டிக் கேட்க வேண்டுமே. கோயம்புத்தூர் அண்ணாவும் ஐயாவும் சரி என்றால் வரும் அச்சில் இந்த இரண்டும்தான்.