வீட்டில் சேவல் வளர்க்கத் தடை இருக்கிறதா? (கோவை, வடவள்ளி)

மலர், வடவள்ளி:
எல்லோருக்கும் வணக்கம்ங்க. எங்கள் வீடு மாநகராட்சி எல்லைக்குள் நாலு சென்ட் மனை. பின்பக்கம் இருக்கிற கொஞ்ச இடத்தில் ஏழு பெட்டையும் ஒரு சேவலும் வளர்க்கிறோம், எல்லாம் நாட்டுக்கோழி. மாமியார் பொள்ளாச்சிப் பக்கம் தோட்டத்தில் வாழ்ந்தவர். மாமா தவறின பிறகு எங்களோடு வந்துவிட்டார். காலையில் கம்பு இறைப்பதும் முட்டை எடுப்பதும்தான் அவருக்கு இங்கே ஒரே பிடிப்பு.

பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த தம்பிக்கு இரவு ஷிப்ட். மூன்று மணிக்கு வந்து படுக்கிறார்; நாலு மணிக்குச் சேவல் கூவுகிறது. அவர் படுக்கையறை ஜன்னல் கூண்டுக்கு நேர் எதிரே. மரியாதையாகத்தான் சொல்லிப் பார்த்தார். போன வாரம், புகார் எழுதிக் கொடுக்கப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனார். சேவலை அடித்துவிடலாம் என்று மாமியாரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்தப் பையன் தூக்கம் கெட்டு நிற்பதைப் பார்த்தாலும் மனசு கேட்கவில்லை. சட்டம் என்னதான் சொல்கிறது?

வருவாய்த்துறையில் ஓய்வுபெற்றவர், ஈரோடு:
அம்மா, சேவல் வளர்ப்பதே குற்றம் என்று யாரும் சொல்ல முடியாது. அதனால் அக்கம்பக்கத்துக்குத் தொல்லையா என்பதுதான் கேள்வி. பொதுத்தொல்லை என்றால் கோட்டாட்சியரிடம் மனு போகும். முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டம் 133ஆம் பிரிவு. 2024 ஜூலையிலிருந்து புதிய சட்டத்தில் 152. எடுத்த எடுப்பில் யாரும் கோழியைப் பிடித்துக்கொண்டு போக மாட்டார்கள். தொல்லையை நீக்கு, இல்லையென்றால் வந்து காரணம் சொல் என்று முதலில் ஒரு நிபந்தனை உத்தரவு வரும். ஒரே ஒரு வீட்டுக்கு மட்டும் தொல்லை என்றால் அது பொதுத்தொல்லை ஆகாது, சிவில் கோர்ட்டுக்குத்தான் போகவேண்டும் என்று வாதாட இடமுண்டு. ஆனால் அந்த வாதத்தை நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள்.

2025 பிப்ரவரியில் கேரளாவில் அடூர் கோட்டாட்சியரிடம் அச்சு அசலாக இதே புகார்தான் வந்தது. விடியற்காலை மூன்று மணிக்கே சேவல் கூவுகிறது, தூங்க முடியவில்லை என்று. அதிகாரிகள் நேரில் போய்ப் பார்த்தார்கள். சேவலை ஒழிக்கச் சொல்லவில்லை. கூண்டை மனையின் தெற்குப் பக்கத்துக்கு 14 நாளில் மாற்று என்று உத்தரவு. அதை நீங்களே முன்கூட்டிச் செய்துவிட்டால் மனு வந்தாலும் உங்கள் பக்கம் நியாயம் நிற்கும்.

அப்புறம், ஒலி மாசு விதிகள் 2000இன்படி குடியிருப்புப் பகுதியில் இரவு 10 முதல் காலை 6 வரை வரம்பு 45 டெசிபல். ஜன்னல் பக்கத்தில் நின்று கூவுகிற சேவல் அதைச் சாதாரணமாகத் தாண்டும். குடியிருப்பிலிருந்து 500 மீட்டர் தள்ளி வை என்று யாராவது பயமுறுத்தினால் பயப்பட வேண்டாம், அது ஆயிரக்கணக்கில் கோழி வளர்க்கிற பண்ணைகளுக்கான வழிகாட்டுதல். உங்கள் ஏழு பெட்டைக்கு இல்லை.

கோழி வளர்ப்பவர், காங்கேயம்:
மலர் அக்கா, சேவல் கழுத்தை நிமிர்த்தி நீட்டித்தான் முழுத்தொண்டையில் கூவும். ராத்திரி மட்டும் அதைத் தனியாக எடுத்து, நிற்கலாம் ஆனால் தலையை முழுக்க நிமிர்த்த முடியாது என்கிற உயரத்தில் ஒரு பெட்டியில் விடுங்கள். பக்கவாட்டில் காற்றுத் துளை கட்டாயம் வேண்டும். மேலே சணல் சாக்கு போட்டுச் சமையலறைப் பக்கம் வையுங்கள், காலை ஆறரைக்குத் திறந்துவிடுங்கள். சத்தம் நன்றாகக் குறையும்.

இருட்டாக்கினால் மட்டும் கூவாது என்று சிலர் சொல்வார்கள், நம்பாதீர்கள். வெளிச்சமே படாமல் வைத்தாலும் உடம்புக்குள் இருக்கிற கடிகாரப்படி விடியலுக்கு முன்னால் கூவும் என்று ஜப்பானில் 2013இலேயே ஆராய்ந்து சொல்லிவிட்டார்கள்.

முட்டைக்குச் சேவலே தேவையில்லை. பெட்டை தன்பாட்டுக்கு இடும். அடை வைத்துக் குஞ்சு எடுக்கத்தான் சேவல் வேண்டும். அம்மாவுக்குக் குஞ்சு வேண்டுமா, முட்டை போதுமா என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். புகார் வருவது சத்தத்தால் மட்டுமில்லை, வாடையாலும் வரும். எச்சத்தை வாரி, ஈரம் இல்லாமல் சாம்பலோ மரத்தூளோ தூவுங்கள்.

சிங்கப்பூரிலிருந்து:
இங்கே வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) கட்டிய அரசு அடுக்குமாடி வீடுகளில் கோழியே கூடாது. தரைவீடுகளில் 10 வரை, வெளிப்பறவை புகாத கூண்டில் வைக்கலாம். 2017இல் சின் மிங் பகுதியில் சுற்றித்திரிந்த கோழிகளைப் புகாருக்காகப் பிடித்துக் கொன்றபோது மக்கள் கொதித்துப் போனார்கள். அதிகாரிகள் வருமுன் அண்டைவீட்டாரே பேசித் தீர்த்துக்கொள்வது நல்லது.

மலர், வடவள்ளி:
எல்லோருக்கும் நன்றிங்க. மாமியாரிடம் கேட்டேன். குஞ்சு வேண்டும், பேத்திக்குக் காட்டவேண்டும் என்கிறார். சரி, சேவல் இருக்கட்டும். கூண்டை ரோட்டுப் பக்கம் மாற்றுகிறோம்; ராத்திரிக்குப் பெட்டி. ஞாயிற்றுக்கிழமை அந்தத் தம்பி வீட்டுக்கு நானும் மாமியாரும் போய்ச் சொல்லிவிட்டு வருகிறோம். காங்கேயம் தம்பி, கோழியைக் கவிழ்த்து மூடுகிற பழைய கொடாப்புக் கூடை ஒன்று இருக்கிறது. அதையே சாக்கு சுற்றிப் பயன்படுத்தலாமா, இல்லை பலகைப்பெட்டிதான் வேண்டுமா?

கோழி வளர்ப்பவர், காங்கேயம்:
கொடாப்பு உயரம் அதிகம் அக்கா, உள்ளே நிமிர்ந்து கூவிவிடும். பலகைப்பெட்டியே அடியுங்கள்.