புதுப்பிப்பு: பீஸ் ரேட் டெய்லருக்கு கிராஜுவிட்டி வந்துவிட்டது

திருப்பூர் பனியன் கம்பெனியில் இருந்து நின்ற அக்காவுக்கு, பீஸ் ரேட் (தைக்கும் பீஸ் கணக்குக்குக் கூலி) ஆளுக்கெல்லாம் கிராஜுவிட்டி (பல வருஷம் வேலை பார்த்து நிற்கும்போது கம்பெனி தரும் மொத்தத் தொகை) கிடையாது என்று கைவிரித்துவிட்டார்கள், என்ன செய்வது என்று கேட்டிருந்தேன். பணம் வந்துவிட்டது, பதில் போட்ட எல்லாருக்கும் நன்றிங்க. கைகொடுத்தது, பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) பாஸ்புக்கை அச்செடுத்து மனுவோடு கம்பெனிக்குப் பதிவுத் தபாலில் அனுப்பச் சொன்ன யோசனைதான். கம்பெனி மாதாமாதம் பணம் கட்டியது அதில் இருப்பதால், அதற்கப்புறம் சர்வீஸை (வேலை பார்த்த காலத்தை) மறுக்க அவர்களுக்கு வழியில்லை. 30 நாளுக்குள் தராவிட்டால் தொழிலாளர் துறைக்குப் போவோம் என்றும் எழுதியிருந்தோம், அந்த அலைச்சல் மிச்சம். கணக்கு இப்படி: கடைசி 3 மாதக் கூலியில் ஒரு நாள் சராசரி (ஓவர்டைம் சேராது), அதை 15-ஆல் பெருக்கி சர்வீஸ் வருஷத்தால் பெருக்க வேண்டும். நாங்கள் எதிர்பார்க்காதது, 7 வருஷம் 8 மாதத்தை 8 வருஷமாகவே எடுத்தார்கள். 6 மாதத்துக்கு மேல் போனால் முழு வருஷக் கணக்காம், சட்டத்திலேயே இருக்கிறது.