சுவருக்குள் வயர் பைப் சாய்வாகப் போகிறது, இப்படியே பூசலாமா?

உப்புவெளி மகள்:

வணக்கம். உப்புவெளியில் எங்கள் வீட்டோடு சேர்த்து அம்மாவுக்கு ஓர் அறை கட்டுகிறோம். வயரிங் பைப் பதித்தாகிவிட்டது, வயர் இன்னும் இழுக்கவில்லை. நாளை மறுநாள் மேசன் பூச்சுக்கு வருகிறார். இன்று பின்னேரம் எல்லோரும் போனபிறகு ரோர்ச் அடித்துப் பார்த்ததிலிருந்து மனசு சரியில்லை.

கதவடி ஃபேன் சுவிட்சிலிருந்து கட்டில் தலைமாட்டுக்கு வரும் ப்ளக் வரை பைப் சுவரில் சாய்வாக இறங்குகிறது, கிட்டத்தட்ட 10 அடி. சுவர் 4 அங்குல ஓட்டைக் கல். மறுபக்கம் குசினி. அங்கேயும் ஒரு ப்ளக்குக்கு அதே இடத்தில் வெட்டியிருக்கிறார்கள். வெட்டிய காடிக்குள் விரலை விட்டேன், கல்லின் பொந்து தட்டுப்பட்டது. ரோர்ச்சை அணைத்தால் குசினி பல்ப் வெளிச்சம் ஊசிமுனை அளவுக்கு இந்தப் பக்கம் தெரிகிறது. கீழே பைப்பைச் சூடாக்கி மடக்கிய இடம் சப்பையாகிக் கிடக்கிறது.

வயரிங் செய்யும் தம்பி, "மேலே ஏத்தி இறக்கினா 14 அடி கூடப் போகும் அக்கா, பைப்புக்குள்ளதானே வயர், ஒண்டும் நடக்காது" என்கிறார். ஆனால் அந்தச் சாய்வின் நடுவில்தான் அப்பாவின் படத்தை அம்மா மாட்டப் போகிறார். இப்படியே பூசலாமா?

பாலையூற்று வயர்மன்:

தங்கச்சி, பூச்சை இரண்டு நாள் தள்ளி வையுங்கள். இப்போது மாற்றினால் அரைநாள் வேலை. பெயின்ட் அடித்தபிறகு என்றால் சுவரையே கிளற வேண்டும்.

26 வருடமாக இந்த வேலைதான் செய்கிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஆணி அடிப்பவருக்குச் சுவருக்குள் இருப்பது தெரியாது. அவர் கண்ணில் படுவது சுவிட்சும் ப்ளக்கும்தான். ஆகவே வயர் அவற்றுக்கு நேர் மேலே, நேர் கீழே, இல்லாவிட்டால் நேர் பக்கவாட்டில் ஓட வேண்டும். சுவரின் மேல் விளிம்பை ஒட்டி 150 மி.மீ.க்குள்ளும், இரண்டு சுவர் சேரும் மூலையை ஒட்டி 150 மி.மீ.க்குள்ளும் போகலாம். நாங்கள் பார்த்துச் செய்யும் பிரித்தானிய விதி, பி.எஸ். 7671, இதைத்தான் சொல்கிறது. 50 மி.மீ.க்கு மேல் ஆழமாகப் புதைத்தால் இந்தக் கட்டுப்பாடு இல்லை. உங்கள் சுவரோ மொத்தமே 100 மி.மீ. ஒரு பக்கம் ஆழம் கூடினால் மறுபக்கம் குறைந்துவிடும்.

பைப் இருக்கிறது என்ற தைரியம் வேண்டாம். கொங்கிரீட் துளைக்கிற பிட்டுக்கு பி.வி.சி. ஒரு பொருட்டே இல்லை. பைப் போடுவது நாளைக்கு வயரை மாற்ற வசதியாக. சப்பையான வளைவில் அந்த வசதியும் போய்விடும், இழுக்கும்போதே வயரின் தோல் உரியும். அந்தத் துண்டை வெட்டி எறிந்துவிட்டு, உள்ளே ஸ்பிரிங் விட்டு வளைக்கச் சொல்லுங்கள்.

சரி, சாய்வு வேண்டாமென்று படுக்கையாகக் கொண்டுபோகலாமா? 4 அங்குலச் சுவரில் அதுவும் சரிவராது. நெட்டாக வெட்டினால் சுவர்த் தடிப்பில் மூன்றில் ஒரு பங்கு ஆழம், படுக்கையாக வெட்டினால் ஆறில் ஒரு பங்கு, அவ்வளவுதான் வெட்டலாம். 100 மி.மீ.யில் ஆறில் ஒன்று 16 மி.மீ. சொச்சம். 20 மி.மீ. பைப் அதில் எப்படி அடங்கும்? ஆகவே சீலிங்குக்கு மேலே கொண்டுபோய் ப்ளக்குக்கு நேராக இறக்குவதுதான் ஒரே வழி. ஓட்டைக் கல்லின் ஓடு மெலிசு, அதற்கு இந்தக் கணக்கைவிடவும் பார்த்துத்தான் வெட்ட வேண்டும். இரண்டு பக்கமும் முதுகோடு முதுகாக வெட்டவே கூடாது. குசினி ப்ளக்கை ஓர் அடியாவது தள்ளி வையுங்கள்.

எல்லாவற்றையும்விட என்னை உறுத்துவது வேறொன்று. ஃபேன் சுவிட்சிலிருந்தா ப்ளக்குக்கு லைன் எடுக்கிறார்? ஃபேனுக்கும் லைட்டுக்கும் 1/1.13 என்ற மெல்லிய வயர்தான் ஓடும். 13 அம்பியர் ப்ளக்கில் ஒருநாள் அயர்னோ கேத்திலோ போடுவீர்கள். அதற்கு, வீட்டு லைன்கள் எல்லாம் பிரிந்துபோகும் டி.பி. பெட்டியிலிருந்தே தனியாக, அதைவிடத் தடித்த 7/0.67 வயர் வர வேண்டும், எர்த்தோடு. இதைக் கட்டாயம் கேளுங்கள்.

கிண்ணியா வாசகர்:

சகோதரி, அண்ணன் சொல்வதைத் தட்டாதீர்கள். எங்கள் வீட்டில் திரைச்சீலைக் கம்பிக்கு அடித்த ஸ்குரூ, சாய்வாகப் போன வயரின் தோலை மட்டும் உரசியிருக்கிறது. லைட் எல்லாம் ஒழுங்காக எரிந்தது, யாருக்கும் சந்தேகம் வரவில்லை. மார்கழி மழையில் சுவர் ஈரம் குடித்த பிறகு மனைவி திரையை இழுக்கக் கம்பியில் சுர்ரென்று பிடித்துவிட்டது. மின்சாரம் கசிந்தால் தானே விழுந்து லைனை வெட்டும் ட்ரிப் சுவிட்ச் இருந்தது, ஆனால் பழுதாகி எத்தனை மாதமோ. அதன் பொத்தானை ஒருநாளும் அழுத்திப் பார்த்ததில்லை. அன்று அவர் காலில் இறப்பர் செருப்பு இருந்தது, அல்ஹம்துலில்லாஹ்.

பாலையூற்று வயர்மன்:

உண்மை. ட்ரிப் சுவிட்சில் 30 மில்லிஅம்பியர் என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். 100, 300 என்று இருந்தால் அது ஆளைக் காப்பாற்றாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை டெஸ்ட் பொத்தானை அழுத்துங்கள், உடனே விழ வேண்டும். அப்படியிருந்தும், லைனையும் நியூட்ரலையும் ஒருசேரத் தொட்டவரை அதனால் காக்க முடியாது. வயர் போகும் வழி சரியாக இருப்பதுதான் முதல் காவல்.

இன்னொன்று. கடல் உங்களுக்குப் பக்கம். சுவிட்சையும் ப்ளக்கையும் பூட்டச் சுவருக்குள் பதிக்கும் தகரச் சங்க் பொக்ஸ் அந்த உப்புக்காற்றில் துருப்பிடித்து ஸ்குரூ பிடிக்கும் காது கழன்றுவிடும். பி.வி.சி. பொக்ஸ் போடுங்கள்.

உப்புவெளி மகள்:

இன்று காலை தம்பி வந்தார். எப்படிச் சொல்வது என்று நான் யோசித்துக்கொண்டு நிற்க, அம்மா அவருக்கு பிளேன்டீ கொடுத்துவிட்டு அப்பாவின் படத்தை எடுத்துவந்து, மாட்டப்போகும் இடத்தில் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். ஒன்றும் பேசவில்லை. தம்பி கொஞ்சநேரம் பார்த்துவிட்டுத் தானே பைப்பைக் கழற்றத் தொடங்கினார். ப்ளக்குக்கு டி.பி. பெட்டியிலிருந்து சீலிங் வழியாகத் தனி லைன், மேலேயிருந்து நேராக இறங்குகிறது. மூலையிலிருந்து 3 அடி 2 அங்குலம். அளவு நாடாவைச் சுவரில் பிடித்துப் படமும் எடுத்துவைத்தேன். ட்ரிப் சுவிட்சில் 30 என்றுதான் இருக்கிறது, பொத்தானை அழுத்தியதும் விழுந்தது.

பழைய சாய்வுக் காடியை அப்படியே விட்டுப் பூசலாமா அண்ணா?

பாலையூற்று வயர்மன்:

விடவேண்டாம். தூசியைத் தட்டி, தண்ணீர் தெளித்து, சின்னச் சல்லி கலந்த சீமெந்துச் சாந்தால் இறுக்கி அடைக்கச் சொல்லுங்கள். அது இறுகியபிறகு பூச்சு. வெடிப்பு வராமல் காடிகளின் மேல் கோழிவலை வைப்பார்கள். அந்த வலைக்கு மேசன் ஆணி அடிக்கும்போது பக்கத்தில் நின்று, புதுப் பைப் இறங்கும் கோட்டைச் சோக்கால் கீறிக் காட்டிவிடுங்கள்.