அப்பத்தா போட்ட புகையில்லா அடுப்பைச் சரிசெய்த அனுபவம்

சிவகங்கைப் பக்கம் எங்கள் ஊர். ஓட்டு வீடு. சமையல்கட்டு மூலையில் இருக்கும் மண் அடுப்பு 1987இல் அப்பத்தா காலத்தில் போட்டது. மத்திய அரசின் மேம்பட்ட அடுப்புத் திட்டம் ஊர் ஊராக வந்த நேரம் அது. முன்னும் பின்னுமாக இரண்டு வாய், கடைசியில் சுவரோடு ஏறிக் கூரைக்கு மேலே போகும் ஒரு குழாய். கேஸ் வந்த பிறகு அந்த அடுப்பு வெந்நீருக்கும் கறிக்குழம்புக்கும் பொங்கலுக்கும் மட்டும் என்று ஆகிவிட்டது. ஆனால் அம்மா அதை விடவே இல்லை.

போன மார்கழியில் அம்மாவுக்கு இரண்டு நாள் விடியற்காலையில் ஒரே மாதிரி தலைவலி, குமட்டல், எழுந்து நடந்தால் தள்ளாட்டம். "பித்தம்ப்பா, எலுமிச்சம்பழம் பிழிஞ்சு குடிச்சா சரியாயிரும்" என்று போனில் சொன்னார். பக்கத்து வீட்டுச் சித்திதான் வற்புறுத்தி டாக்டரிடம் அழைத்துப் போனார். டாக்டர் கேட்ட முதல் கேள்வியே, "ராத்திரி தணல் வச்சுப் படுத்தீங்களா?" என்பதுதான். ஆமாம். குளிருக்காக இரும்புச் சட்டியில் தணலை அள்ளிக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, கதவு ஜன்னல் எல்லாம் சாத்திப் படுத்திருக்கிறார்.

தணலில் புகை இல்லை, அதனால் ஆபத்தும் இல்லை என்று நம் வீடுகளில் நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, வாசமும் கிடையாது. கனன்றுகொண்டிருக்கும் கரிதான் அதை நிறைய விடும். ரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தை, ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக அது பிடித்துக்கொள்ளும். தூங்குகிறவருக்கு ஒன்றும் தெரியாது. சித்தி மட்டும் அன்றைக்கு வரவில்லை என்றால் மூன்றாவது ராத்திரியும் அம்மா அதே சட்டியை வைத்திருப்பார். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

பத்து நாள் லீவு போட்டு ஊருக்குப் போனேன். அடுப்பை இடித்துவிடலாம் என்றேன். அம்மா முகம் சுருங்கிவிட்டது. சரி, முதலில் என்ன கோளாறு என்று பார்ப்போம் என்று உட்கார்ந்தேன்.

விறகு வைக்கும் வாயில் ஓர் ஊதுபத்தியைக் கொளுத்திக் காட்டினேன். குழாய் நன்றாக இருந்தால் அந்தப் புகை உள்ளே இழுபட வேண்டும். எங்கள் அடுப்பில் அது முகத்துக்கே திரும்பி வந்தது. கூரை மேல் ஏறிப் பார்த்தால் குழாயின் தொப்பி எப்போதோ காற்றில் போயிருக்கிறது. உள்ளே அணில் கூடு. தேங்காய் நார், கந்தல், பஞ்சு என்று ஒரு கூடை அளவு வந்தது. அதற்குக் கீழே, ஈர விறகு எரித்து எரித்துத் தார் மாதிரி பளபளவென்று ஒட்டியிருந்த கரி. இந்தக் கரியே தீப்பிடிக்கும். கூடும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். அதைவிடப் பயந்தது இன்னொன்றைப் பார்த்து. கூரையைத் தாண்டும் இடத்தில் குழாய் கைமரத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. மரத்தில் உள்ளங்கை அகலத்துக்குக் கருகல்.

பழைய குழாய் ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்டால் ஆனது. உதவிக்கு வந்தவர் ஆக்ஸா பிளேடை எடுத்து அறுக்கப் போனார், கையைப் பிடித்து நிறுத்தினேன். அறுத்தாலோ உடைத்தாலோ பறக்கும் தூசி நுரையீரலில் போய்த் தங்கிவிடும், பல வருடம் கழித்துப் புற்றுநோய்கூட வரும். தண்ணீர் விட்டு நன்றாக நனைத்து, மாஸ்க் போட்டுக்கொண்டு, முழுசாகவே கழற்றித் தார்ப்பாயில் சுற்றினோம். புதுக் குழாய்க்கு மானாமதுரை போனேன். கடம் செய்யும் ஊர், சூளையில் சுட்ட மண் குழாய் செய்யவா ஆள் இல்லை! அளவு சொல்லிச் செய்து வாங்கினேன். கைமரத்திலிருந்து ஒரு சாணுக்கு மேல் தள்ளி ஏற்றி, கூரை முகட்டைவிட இரண்டு அடி உயரமாக விட்டு, மேலே தொப்பியும் கம்பி வலையும் வைத்தோம். சுவரின் அடியில் ஒரு செங்கல்லை மட்டும் எடுக்கிற மாதிரி விட்டிருக்கிறேன். மாதம் ஒருமுறை அதைத் திறந்து கரியை வழித்துவிடலாம்.

அடுப்பின் உடம்பில் இரண்டு வாய்க்கும் நடுவே பெரிய வெடிப்பு. யாரோ அதைச் சிமெண்டால் பூசியிருந்தார்கள். சிமெண்ட் நெருப்புக்கு நிற்காது. தட்டினால் பொக்கென்று சத்தம் வந்தது, பெயர்த்ததும் கையோடு வந்துவிட்டது. பெரியம்மா ஒருவர் வந்து மண் பக்குவம் சொன்னார். வெறும் களிமண் காயும்போதே வெடிக்கும். இரண்டு பங்கு புற்று மண், ஒரு பங்கு மணல், இரண்டு கை உமி, கொஞ்சம் சாணம். மிதித்துப் பிசைந்து ஈரச் சாக்கு போட்டு இரண்டு ராத்திரி விட வேண்டும். பூசும் முன் பழைய மண்ணைச் சுரண்டித் தண்ணீரில் ஊற விட வேண்டும், இல்லாவிட்டால் புதுசு ஒட்டாது. அவசரப்பட்டு முதல் நாள் நான் காய்ந்த மண் மேலேயே பூசினேன், மறுநாள் தோலாக உரிந்தது. இரண்டாவது தடவை பெரியம்மாவே பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். ஒரு வாரம் நிழலில் காயவிட்டு, முதலில் சுள்ளி வைத்துச் சின்னத் தீ.

பாத்திர விஷயமும் சொல்ல வேண்டும். சாதாரண அடுப்பில் வாயைச் சுற்றி மூன்று குமிழ் இருக்கும், பாத்திரம் அதன் மேல் நிற்கும், இடைவெளியில் புகை வெளியே வரும். இந்த அடுப்பில் குமிழ் கிடையாது. பாத்திரம் வாயை அடைத்து உட்கார்ந்தால்தான் புகை பின்வாய் வழியாகக் குழாய்க்குப் போகும். அம்மா சின்னச் சட்டியை வைப்பதற்காக ஓட்டுச் சில்லு மூன்றை முட்டுக் கொடுத்திருந்தார். பாதிப் புகை அங்கேயே வெளியேறிக்கொண்டிருந்தது. பாத்திரத்துக்கு ஏற்ற வாய் அமையாமல்தான் ஊரில் பல வீடுகளில் இந்த அடுப்பைக் கைவிட்டார்கள் என்பது என் எண்ணம். நாங்கள் வாயை அம்மாவின் இரண்டு பானைகளுக்கு அளவெடுத்தே மண் வைத்தோம். பின்வாயில் சூடு குறைவு. வெந்நீர்ப் பானை அங்கே.

விறகு சீமைக்கருவேலம். வெட்டிய விறகைக் குறைந்தது ஆறு மாதம் காயவைக்கச் சொல்லி, மழை படாத திண்ணையில் அடுக்கிவிட்டு வந்தேன். அரளிக் குச்சி ஒன்றுகூட அதில் சேரக் கூடாது, அதன் புகையே விஷம். பிளாஸ்டிக் கவர், மண்ணெண்ணெய் வைத்துப் பற்றவைப்பதும் இல்லை; தென்னம்பாளையே போதும்.

கேஸ் அடுப்பையும் சிலிண்டரையும் அடுத்த அறைக்கு மாற்றியதில் அம்மாவுக்கு இன்னும் வருத்தம். சமையல் கேஸ் காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையோடு பரவும், நம் அடுப்பு தரையில் இருக்கிறது என்று சொன்னதும் ஒன்றும் பேசவில்லை. சாம்பலை இப்போது இரும்புச் சட்டியில் அள்ளி முற்றத்தில் ஒரு நாள் ஆறவிட்டுத்தான் கொட்டுகிறார். மேலே ஆறியது போலத் தெரிந்தாலும் உள்ளே கங்கு மறுநாள்வரை இருக்கும்.

தைப் பொங்கல் அந்த அடுப்பில்தான் பொங்கியது. தணல் சட்டியைப் பரணில் ஏற்றிவிட்டு, குளிருக்கு இரண்டு கம்பளி வாங்கிக் கொடுத்தேன். இப்போது தினமும் பற்றவைக்கும் முன் ஊதுபத்தியை வாய்க்கு நேரே காட்டிப் பார்த்துவிட்டு, "இழுக்குதுப்பா" என்று போனில் சொல்கிறார்.