மாமா கொடுத்த விதை: வருஷத்துக்கு வருஷம் செடி ஏன் குட்டையாகிறது?

சாட்ஸ்வொர்த் தோட்டம்:
வணக்கம். டர்பன் சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறேன். கொல்லையில் சுவருக்குள், என் சொந்த உபயோகத்துக்கு மட்டும் கஞ்சாச் செடி வளர்க்கிறேன். சொந்த உபயோகத்துக்குத் தனி இடத்தில் பெரியவர்கள் வளர்ப்பது குற்றமில்லை என்று 2018 செப்டம்பரில் தென்னாப்பிரிக்க அரசியலமைப்பு நீதிமன்றத் தீர்ப்பு வந்த பிறகுதான் எனக்குத் தைரியம் வந்தது. அந்த அக்டோபரில் அக்கா வீட்டுக்காரர், எங்கள் மாமா, ஒரு தீப்பெட்டி நிறைய விதை கொடுத்தார். வெளியில் 'டர்பன் பாய்சன்' என்று பேர் வாங்கிய இந்தப் பக்கத்து நாட்டு விதை. முதல் வருஷம் செடி தகரக் கூரையைத் தொட்டது. பூவை விரலில் கசக்கினால் அப்படியே சோம்பு வாசனை.

அதிலிருந்து வருஷா வருஷம் நானே விதை எடுக்கிறேன். 2024 அக்டோபரில் 40 விதை போட்டேன், முளைத்தது 14. அதிலும் பாதி நாற்றில் இலை ஒரு பக்கமாகத் திருகிக்கொண்டது. மிஞ்சியது என் நெஞ்சு உயரம்கூட வரவில்லை. பெண் பூ நடுவில் வாழைப்பழச் சீப்பு மாதிரி மஞ்சளாக மகரந்தப் பை தள்ளியது. மார்ச் மாத ஈரத்தில் பூவெல்லாம் சாம்பல் பூத்து அழுகியது. மண் அதே மண், கோழி எருவும் அதேதான். மாமா போய் மூன்று வருஷம் ஆகிறது, அவர் விதையை நான் கெடுத்துவிட்டேனோ என்று மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது. யாராவது சொல்லுங்கள்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் நாற்று:
அண்ணா, ஒரு கேள்வி. விதைக்கு எத்தனை ஆண் செடி விட்டீர்கள்?

சாட்ஸ்வொர்த் தோட்டம்:
ஒன்றுதான். அக்கம்பக்கத்துக்கு வாசனை போகக்கூடாது என்று மற்றதைப் பிடுங்கிவிடுவேன். பெண்ணிலும் நல்லதாக ஒன்றைப் பார்த்து அதில் மட்டும் விதை எடுப்பேன்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் நாற்று:
அப்படியென்றால் காரணம் பெரும்பாலும் அதுதான். இந்தச் செடியில் ஆண் தனி, பெண் தனி, மகரந்தம் காற்றில் போகும். காட்டில் ஒரு பெண்ணுக்குப் பத்து ஆணின் தூள் வரும். உங்கள் கொல்லையில் 2020 முதல் அண்ணன் தங்கைக்குள்ளேயே சேர்க்கை நடந்திருக்கிறது.

நம் குடும்பக் கணக்கில் சொல்கிறேன். மாமன் மகளைக் கட்டினால் பிறக்கும் குழந்தைக்கு உட்கலப்பு, அதாவது அம்மா வழியிலும் அப்பா வழியிலும் ஒரே மூதாதையின் ஒரே மரபணு வந்து சேரும் வாய்ப்பு, 16-இல் 1 பங்கு. தாய்மாமனையே கட்டினால் 8-இல் 1. கூடப்பிறந்ததுக்குள் என்றால் முதல் தடவையே 4-இல் 1. அதைத் திருப்பித் திருப்பிச் செய்தால் 25, 37.5, 50, 59, 67 சதவீதம் என்று ஏறும். 2024-இல் நீங்கள் போட்ட விதை அந்த ஐந்தாவது படி. மாமா விதையில் இருந்த வேறுபாட்டில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது.

ஒவ்வொரு செடியிலும் கெட்ட மரபணு சில ஒளிந்திருக்கும். ஜோடியில் இன்னொன்று நல்லதாக இருக்கும்வரை அது தலைகாட்டாது. இரண்டு பக்கமும் ஒரே கெட்டது சேரும்போதுதான் முளைப்பு குறைவு, குட்டை, நோய் தாங்காமை எல்லாம் வெளியே வரும். மக்காச்சோளத்திலும் இதே கதைதான். சொந்த மகரந்தத்திலேயே சில தலைமுறை வளர்த்தால் கதிர் சுண்டிப்போகும், அப்படிச் சுண்டிய இரண்டு வெவ்வேறு வரிசையைச் சேர்த்தால் வீரியம் திரும்பிவிடும். நல்ல செடி ஒன்றை மட்டும் பொறுக்கியது உங்கள் அக்கறை அண்ணா, தப்பு என்று மனசை வதைக்காதீர்கள்.

லெனேசியா மாடித்தோட்டம்:
அவர் சொல்வது சரி. ஆனால் முழுப்பழியையும் உட்கலப்பு மேல் போடுவதற்கு முன் இரண்டு விஷயம் பாருங்கள். விதையை எங்கே வைக்கிறீர்கள்? டர்பன் ஈரத்தில் வெறும் டப்பாவில் வைத்தால் நல்ல விதையும் முளைக்காது. நன்றாகக் காயவைத்து, மூடி இறுகிய கண்ணாடிப் புட்டியில் ஃபிரிட்ஜில் வையுங்கள். அடுத்தது, ஹாப் லேட்டன்ட் வைராய்டு என்று ஒரு தொற்று. கஞ்சாச் செடியைக் குட்டையாக்கி, பூவைச் சின்னதாக்கிவிடும். ஒரே கத்தரியால் எல்லாச் செடியையும் வெட்டினால் பரவும், விதை வழியாகவும் கொஞ்சம் போகும். வெளியிலிருந்து கிளை வாங்கி நட்டீர்களா?

சாட்ஸ்வொர்த் தோட்டம்:
கிளை வாங்கியதே இல்லை. விதை சமையலறை அலமாரியில் பிளாஸ்டிக் டப்பாவில்தான் இருக்கிறது. அதை இன்றைக்கே மாற்றுகிறேன். தம்பி, வெளி விதையைச் சேர்த்தால் அந்தச் சோம்பு வாசனை போய்விடுமா?

பீட்டர்மாரிட்ஸ்பர்க் நாற்று:
முதல் தலைமுறையில் உயரம் வரும், வாசனை கலந்துதான் வரும். அதன் பிள்ளைகளில் நிறையச் செடி வளர்த்து, கசக்கிப் பார்த்துப் பொறுக்க வேண்டும். வாழைப்பழம் தள்ளியதில் மட்டும் விதை எடுக்கவே எடுக்காதீர்கள், அந்தக் குணம் பிள்ளைகளுக்கும் இறங்கும். இனிமேல் ஆண் நான்கு, பெண் எட்டு விட்டுப் பாருங்கள். ஒரு ஆணும் பன்னிரண்டு பெண்ணும் விட்டால், வேறுபாட்டைக் காப்பாற்றும் கணக்குக்கு வெறும் 3.7 செடி மாதிரிதான். நான்குக்கு எட்டு என்றால் அது 10.7 ஆகும். எல்லாப் பெண்ணிலும் சமமாக விதை எடுங்கள். இடம் போதாவிட்டால் மகரந்தத்தைத் தாளில் தட்டிக் காயவைத்து, தூரிகையால் கிளைக்கு ஒரு ஆணின் தூளாகத் தடவலாம். எல்லாவற்றுக்கும் முன்னால், மாமாவின் பழைய விதை யாரிடமாவது மிச்சம் இருக்கிறதா என்று கேளுங்கள்.

சாட்ஸ்வொர்த் தோட்டம்:
அக்காவிடம் கேட்டேன். மாமாவின் கருவிப் பெட்டியில், ஆணிக்கு நடுவில், இன்னொரு தீப்பெட்டி இருந்தது. 22 விதை. ஈரத்துணியில் சுற்றி வைத்தேன். ஒன்பதாம் நாள் காலையில் மூன்று வெள்ளை வேர் விட்டிருக்கிறது. அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன். துணியை மெதுவாக மூடிவிட்டு, தண்ணீர் நான் தெளிக்கிறேன் என்று உட்கார்ந்துவிட்டார்.