சென்னை வெயில்ல குரோஷே போட ஆசையே வரல, உங்களுக்கெல்லாம் ஐடியா எங்கேர்ந்து வருது?

நூல்கண்டு:
ஹாய் ஃப்ரெண்ட்ஸ், லாக்டவுன்ல யூட்யூப் பார்த்து குரோஷே (கொக்கி ஊசியால நூல் பின்றது) கத்துக்கிட்டேன், அப்போல்லாம் இன்னும் ஒரு ரவுண்டு இன்னும் ஒரு ரவுண்டுன்னு நடுராத்திரி வரைக்கும் போட்டுட்டே இருப்பேன். இப்போ பை நிறைய பாதி போட்ட கிரானி ஸ்கொயர் (நடுவுலேர்ந்து சுத்தி சுத்தி போடற சதுரத் துண்டு) கெடக்கு, தொடவே தோணல. கை வேர்த்து அக்ரிலிக் நூல் விரல்ல ஒட்டுது. வீட்ல வேற "இந்த ஊர்ல ஸ்வெட்டர் யாரு போடுவா"ன்னு கிண்டல். பின்டரெஸ்ட் போனா எல்லாமே பனி கொட்டுற ஊரு டிசைன்தான் 😐

கொக்கிஊசி:
காட்டனுக்கு மாறுங்க சிஸ். உல்லன் இழுத்தா நீளும், காட்டன் நீளாது, அதனால மொதல்ல கை வலிக்கும், ஹூக் கொஞ்சம் பெரிய சைஸா எடுத்துக்கோங்க. டீபாய் விரிப்பு, கொலுப்படிக்கு பார்டர், செல்போன் பைன்னு எவ்ளோ இருக்கு. வீட்ல கிண்டல் பண்றவங்ககிட்ட சொல்லுங்க, 2016 ஜனவரில 'மதர் இண்டியாஸ் குரோஷே குயின்ஸ்' குரூப் 11,148.5 சதுர மீட்டருக்கு குரோஷே போர்வை போட்டு கின்னஸ் வாங்குனது இதே சென்னைலதான்னு.

மலைக்காத்து:
நான் நீலகிரி. இங்க குளிருக்கு ஸ்வெட்டர் போடலாம்தான், ஆனா எனக்கு ஆசைய கிளப்புனது தோடர் எம்பிராய்டரி. முரட்டு வெள்ளை காட்டன் துணில செவப்பும் கறுப்பும், பென்சில்ல ஒரு கோடு கூட வரைய மாட்டாங்க, துணியோட இழைய எண்ணி எண்ணியே ஊசி போகும், ஒரு இழை தப்புனா டிசைனே சாஞ்சிரும். பக்கத்துல உக்காந்து பார்த்தா நேரம் போறதே தெரியாது. 2013ல புவிசார் குறியீடு கெடச்சுது. பார்த்து ரசிங்க, அந்த கலர் சேர்க்கைய எடுத்துக்கோங்க, அப்படியே காப்பி அடிச்சு விக்க மட்டும் வேணாம், அது அவங்க பொழப்பு.

கூடைக்காரம்மா:
எங்க காலத்துல உல்லன்னா சாமி படத்துக்கு மாலை, வாசலுக்கு தோரணம், அவ்ளோதாம்மா, ஸ்வெட்டர யாரு கண்டா. வயர் கூடைல சிவன் கண்ணு, நெல்லிக்காய் முடிச்சு போட்டவங்களுக்கு குரோஷே சட்டுனு வந்துரும். பிடிக்காத ஸ்கொயர பிரிச்சு உருண்டை கட்டி வை, அந்த நூல்ல ஒரு மாலை போடு, ஒரே சாயங்காலத்துல முடிஞ்சிரும். ஒண்ணு முடிஞ்சாதான் அடுத்ததுக்கு கை போகும்.

நூல்கண்டு:
நன்றிம்மா, சாமி படத்து மாலைலேர்ந்தே ஆரம்பிக்கிறேன் 😊 அப்புறம் ஒரு டவுட், கோலத்த குரோஷேல கொண்டு வர முடியுமா?

கொக்கிஊசி:
வரும், ஃபிலே குரோஷேல. கட்டம் போட்ட நோட்டுல கோலத்த வரஞ்சுக்கோங்க, கோடு போற கட்டத்த அடைச்சு போடணும், மத்ததெல்லாம் ஓட்டையா விடணும். சிக்குக்கோலம் வேணாம், வளைவெல்லாம் படிக்கட்டா போயிரும். படிக்கோலம் எடுங்க, நேர்கோடா இருக்கும். மொதல்ல சின்னதா ஒரு விளக்கு மேட் போட்டு போட்டோ போடுங்க இங்க.