நிற்கப் போகும் நேரத்தில் ஏபிஎஸ் துடிக்கிறது: சென்சாரா, ரிங்கா?

கேள்வி: காய்ந்த ரோட்டில் 10 கி.மீ. வேகத்துக்குக் கீழே வரும்போது பிரேக் பெடல் கடகடவென உதைக்கிறது. ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) விளக்கும் சில நேரம் எரிகிறது. ஸ்கேனரில் முன் இடது வீல் ஸ்பீடு சென்சாருக்கான (சக்கர வேகத்தை அளப்பது) பிழைக் குறியீடு வருகிறது. சென்சாரை மாற்றிவிடலாமா?

பதில் 1: அவசரப்படாதீங்க. ஸ்கேனரில் லைவ் டேட்டாவை (ஓடும்போதே காட்டும் சக்கர வேகங்கள்) திறந்து நேர் ரோட்டில் மெதுவா ஓட்டுங்க, பக்கத்தில் ஒருத்தர் ஸ்கேனரைப் பார்க்கட்டும். இடது முன் சக்கரம் மட்டும் மற்ற மூன்றுக்கும் முன்னாடியே பூஜ்யத்துக்கு விழுந்தால் சென்சாருக்கும் டோன் ரிங்குக்கும் (சக்கரத்தோடு சுழலும், சென்சார் படிக்கும் பல் அல்லது காந்த வளையம்) நடுவே இடைவெளி கூடியிருக்கு: சென்சார் உட்காரும் இடத்தில் துரு, இல்லேன்னா ஆடும் பேரிங். சுற்றுக்கு ஒருமுறை துள்ளினால் டோன் ரிங்கில் வெடிப்பு.

பதில் 2: மீட்டர் வைக்கும் முன் சென்சார் எந்த வகைன்னு பாருங்க. பழைய காயில் (கம்பிச்சுருள்) வகைன்னா பொதுவா 1000 ஓம் சுமாருக்கு வரும். சக்கரத்தைக் கையால் சுழற்றினால் ஏசி வோல்ட் எழும்பணும். ஹால் வகையில் (வண்டியிலிருந்து மின்சாரம் வந்தால்தான் வேலை செய்யும்) ஓம் அளக்கவே வேண்டாம். கனெக்டரைக் கழற்றி, சாவி ஆனில் வண்டிப்பக்க வயரில் வோல்டேஜ் வருதா பாருங்க. வரலேன்னா சென்சார் மேல் பழியில்லை. ஸ்டியரிங் திருப்பும்போது மடங்கும் இடத்தில் வயர் உள்ளேயே அறுந்திருக்கலாம்.

பதில் 3: சமீபத்தில் பேரிங் மாத்தினீங்களா? காந்த ரிங் பேரிங் சீலிலேயே இருந்தால், பேரிங்கைத் திருப்பிப் போட்டுவிட்டால் சிக்னலே வராது. காந்த ரிங் உள்ள பக்கம் சென்சாரைப் பார்த்து இருக்கணும்.